வெளியில் சாப்பிடும்போது சல்ஃபைட், டார்ட்ரசீன், அஜினோமோட்டோ: மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது?

கியூர்பிப்_பயணி
எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸின் கியூர்பிப்பிலிருந்து நாலு பேர் பத்து நாள் ரீயூனியன் போகிறோம். ஒருவருக்கு ஆஸ்துமா. உணவு கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவமனையில் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். ஆறு வயதுப் பெண் பிள்ளைக்கு டார்ட்ரசீன் என்ற மஞ்சள் சாயம் உள்ளே போனால் உடம்பு முழுக்கத் தடித்துவிடும். வீட்டுச் சமையலில் பிரச்சினை இல்லை. வெளியில்தான் யாரைக் கேட்டாலும் "நாங்கள் ஒன்றும் போடுவதில்லை" என்கிறார்கள். எதில் எது இருக்கும், எப்படிக் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்? போர்லூயி, ரோஸ்ஹில் பக்கம் சாப்பிடுவதற்கும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அடுப்படி_போர்லூயி
"ஒன்றும் போடுவதில்லை" என்பவர்கள் பொய் சொல்லவில்லை அக்கா. சமையற்காரர் கையால் சல்ஃபைட் போடும் உணவகம் அபூர்வம். அது சமையலறைக்குள் வரும்போதே பொருளோடு சேர்ந்து வந்துவிடுகிறது: உறைந்த இறால், பாட்டில் எலுமிச்சைச் சாறு, தோல் சீவி வெற்றிடப் பையில் வரும் உருளைக்கிழங்கு, கடுகு விழுது, ஒயின், ஒயின் வினிகர், பொன்னிறத் திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட், சில டின் தேங்காய்ப்பால், சில டின் பனங்குருத்து. அதனால் "சல்ஃபைட் போடுவீர்களா?" என்று கேட்காதீர்கள். "இந்த இறால் எந்தப் பாக்கெட்டில் வந்தது? பாக்கெட்டைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நம் கிரியோலில் "எஸ்கி மோ கபாவ் கெத் பாக்கே லா?" என்றால் போதும். பரிமாறுபவருக்குப் பதில் தெரியாது. உள்ளே போய்ப் பாக்கெட்டை எடுத்துவர அவருக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி, இது இப்போது சமைப்பதா, காலையிலேயே செய்துவைத்ததா என்பது. காலையில் கொதித்த சூப்பிலிருந்தும் முந்தின நாள் ஊறவைத்த கறியிலிருந்தும் எதையும் வெளியே எடுக்க முடியாது. வாணலியில் உங்களுக்காகத் தனியாகப் போடும் உணவில் மட்டுமே "இதை விட்டுவிடுங்கள்" என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

பன்னிரண்டரை மணிக்குப் போய் இதையெல்லாம் கேட்டால் எந்தச் சமையலறையும் பொறுமையாகப் பதில் சொல்லாது. பதினொன்றரைக்குள் போங்கள், இல்லையென்றால் முந்தின நாள் மாலை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். உறைந்த பாக்கெட் சிப்ஸில் நிறம் மாறாமலிருக்கப் பெரும்பாலும் டைபாஸ்பேட்தான் சேர்க்கிறார்கள், பாக்கெட்டில் அச்சிடும் சேர்க்கைப்பொருள் எண் இ450. "ஃப்ரெஷ்" என்று சொல்லி வெற்றிடப் பையில் வரும் சீவிய உருளைக்கிழங்கில்தான் சல்ஃபைட் இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணெதிரே தோல் சீவுகிறார்கள் என்றால் கவலையே இல்லை.

மீன்வழி
இறால் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பலர் தவறுவது இங்கேதான்.

பிடித்த இறால் சில மணி நேரத்தில் தலைப்பக்கத்திலிருந்து கறுக்கத் தொடங்கும். அது கெட்டுப்போனது இல்லை. இறாலின் உடம்பிலுள்ள நொதி காற்றுப் பட்டுக் கறுப்பு நிறமியை உண்டாக்குகிறது. கறுத்தால் விலை போகாது, அதனால் படகிலோ பண்ணையிலோ சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்கி எடுப்பார்கள். பழைய முறைப்படி 1.25 சதவீதக் கரைசலில் 1 நிமிடம். சிக்கல் என்னவென்றால், கரைசல் கலக்காமல் பொடியை நேராக இறால் குவியல்மேல் தூவுகிறவர்களும் உண்டு. அப்போது ஒரே பெட்டியில் ஓர் இறாலில் கொஞ்சம், பக்கத்து இறாலில் பல மடங்கு. "போனவாரம் இதே கடையில் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது அடுத்த தட்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சை இறாலின் உண்ணும் பகுதியில் கிலோவுக்கு 150 மில்லிகிராம்வரை அனுமதி. கிலோவுக்கு 80-க்கு மேல் எண்ணிக்கை வரும் சின்ன இறாலுக்கு 200, 120-க்கு மேல் வந்தால் 300. சின்ன இறால் என்றால் அளவு குறைவாக இருக்கும் என்று நினைக்கவேண்டாம், நேர்மாறு. தலையிலும் ஓட்டிலும்தான் அதிகம் தங்கும். ஓட்டை உரித்து, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினால் குறையும், முற்றிலும் போகாது. வேகவைத்தாலும் அப்படியே.

இன்னொன்று: புளிப்புப் பட்டதும் சல்ஃபைட் கந்தக டைஆக்சைடு வாயுவாக வெளியேறும். புளி, தக்காளி, எலுமிச்சை சேர்த்த இறால் கறிச் சட்டியின் மூடியைத் திறந்ததும் வரும் ஆவியை ஆஸ்துமாக்காரர் முகத்துக்கு நேராக இழுத்தாலே மூச்சு இறுகலாம். பஃபேயில் அந்த மூடியை அவர் திறக்கவேண்டாம்.

சல்ஃபைட்டுக்குப் பதிலாக 4-ஹெக்சில்ரிசார்சினால் என்ற பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு. பெட்டியில் இ586 என்றிருக்கும். பாக்கெட் பார்க்கக் கேட்பதில் இந்த லாபமும் உண்டு, எல்லா இறாலையும் ஒதுக்கவேண்டியதில்லை. பாக்கெட் இல்லாத இறால் என்றால் வேண்டாம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முழு மீனும், ரோட்ரிக்ஸ் தீவுப் பாணியில் வெயிலில் மட்டுமே உலர்த்திய ஆக்டோபஸும் இந்த விஷயத்தில் எவ்வளவோ நிம்மதி.

சென்தெனி_மருந்தாளர்
ரீயூனியன் பகுதியை நான் சொல்கிறேன். இது பிரான்சின் பகுதி, இங்கே ஐரோப்பியச் சட்டம் நடப்பதால் உங்களுக்குச் சாதகம் அதிகம். கட்டாயமாக அறிவிக்கவேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் சல்ஃபைட்டும் ஒன்று: கிலோவுக்கோ லிட்டருக்கோ 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எழுதியே ஆகவேண்டும். 2015 ஏப்ரலில் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் உணவகங்களும் பேக்கரிகளும் பாக்கெட் இல்லாத உணவுக்கும் எழுத்து வடிவில் தகவல் வைத்திருக்கவேண்டும். வாயால் சொன்னால் போதாது. "லே அலெர்ஜேன், சில்வூப்ளே" என்று கேளுங்கள், அட்டவணை ஒன்றைக் கொண்டுவருவார்கள். தெருவோரக் கமியோன்களுக்கும் (உணவு வண்டிகளுக்கும்) இதே விதிதான். நடைமுறையில் அங்கே ஒரு தாளை ஒட்டிவைத்திருப்பார்கள், பழையதாகவும் இருக்கலாம். தாளையும் பார்த்து, பாக்கெட்டையும் கேளுங்கள்.

பிரெஞ்சு லேபிளில் சல்ஃபைட் என்ற சொல்லை மட்டும் தேடினால் தவறவிடுவீர்கள். மூலப்பொருள் பட்டியலில் "அனித்ரித் சுல்ஃபுரோ", "தியொக்சித் த சூஃப்ர்", "மெத்தாபிசுல்ஃபித்", "திசுல்ஃபித் த சோதியோம்" என்றும் வரும். எல்லாம் ஒரே குடும்பம், எண் இ220 முதல் இ228 வரை. ஒவ்வாமைப் பொருளைத் தடித்த எழுத்தில் அச்சிடுவதே வழக்கம், கண் அங்கே முதலில் போகட்டும்.

அளவு எப்படிச் சேருகிறது என்று பாருங்கள். உச்ச வரம்பை எட்டிய பொருள்களாக எடுத்துக்கொண்டால்: 100 கிராம் இறாலில் 15 மில்லிகிராம். இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒரு கண்ணாடி, 125 மில்லி, லிட்டருக்கு 200 என்ற கணக்கில் 25. உலர்ந்த ஆப்ரிகாட் 30 கிராம், கிலோவுக்கு 2000 என்ற கணக்கில் 60. மொத்தம் 100. உலக நல அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு ஒரு நாளைக்குச் சொன்ன எல்லை உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம், 70 கிலோ ஆளுக்கு 49. அது பொதுமக்களுக்கான கணக்கு. சல்ஃபைட்டால் மூச்சிளைப்பவருக்கு அதைவிட மிகக் குறைவானதே போதும். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும், ஒரே மாலையில் மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து.

சென்பியேர்_வாசி
ஆர்கானிக் ஒயினில் சல்ஃபைட் இருக்காது அல்லவா? இங்கே கடைகளில் நிறைய வருகிறது.

சென்தெனி_மருந்தாளர்
இருக்கும். ஆர்கானிக்கில் வரம்பு குறைவு, அவ்வளவுதான்: இனிப்பில்லாத சிவப்புக்கு 150-க்குப் பதில் 100, வெள்ளைக்கு 200-க்குப் பதில் 150. "சான் சுல்ஃபித் அஜூத்தே" என்றால் வெளியிலிருந்து சேர்க்கவில்லை என்று பொருள், நொதிக்கும்போது ஈஸ்ட் தானே உண்டாக்குவது இருக்கும். ரம் வடித்தெடுத்தது, அதில் கவலை குறைவு. ஆனால் பழமும் மசாலாவும் ஊறவைத்த ரம்மான ரும் அராஞ்சேயில் உலர்பழம் ஊறுகிறதா என்று கேளுங்கள்.

ரோஸ்ஹில்_அடுக்களை
பிள்ளையின் மஞ்சள் சாயத்துக்கு வருகிறேன். நம் இரண்டு தீவிலும் பெரிய குழப்பம் "சஃப்ரான்" என்ற சொல். பிரியாணி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்றால் "சஃப்ரான்" என்பார்கள். மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் சமையலறையில் அந்தச் சொல் பெரும்பாலும் மஞ்சள் தூளைக் குறிக்கும், குங்குமப்பூவை இல்லை. சிலர் சாயப்பொடியையும் அதே வாயால் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே "சஃப்ரான்" என்ற பதிலை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். "குலேர் (சாயம்) போடுவீர்களா, எந்த டப்பா?" என்று கேளுங்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு வழி. வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மஞ்சள் சோறு பத்துப் பன்னிரண்டு பருக்கை போடுங்கள். டார்ட்ரசீன் தண்ணீரில் உடனே கரையும்: பருக்கையைச் சுற்றி எலுமிச்சை நிறத்தில் தெளிவான மஞ்சள் ஓடும், பருக்கை வெளுத்துவரும். மஞ்சள் தூள் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயோடு மங்கலாகக் கலங்கும், அடியில் துகள் தங்கும். அடுத்து, கறை பட்ட காகிதத் துடைப்பானில் சோப்பு நுரை தடவுங்கள். மஞ்சள் தூள் செம்பழுப்பாக மாறும், வேட்டியில் பட்ட மஞ்சள் துவைக்கும்போது சிவப்பதுபோல. டார்ட்ரசீன் மஞ்சளாகவே நிற்கும். ஒரு எச்சரிக்கை: சிவந்தால் மஞ்சள் தூள் இருக்கிறது என்றுதான் பொருள், சாயம் இல்லை என்று இல்லை. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. சிவக்கவே இல்லை, தண்ணீரிலும் நிறம் ஓடியது என்றால் தயங்காமல் தட்டை ஒதுக்குங்கள்.

டால்பூரிக் கடையில் பருப்பிலும் மாவிலும் மஞ்சள் தூள் மட்டும்தானா என்று கேளுங்கள். அலூடா என்ற குளிர்ந்த பால் பானத்தில் ஆபத்து பாலிலோ துக்மாரியா (சப்ஜா) விதையிலோ இல்லை, சிரப் பாட்டிலில்தான். ரோஜா நிறச் சிரப் வேண்டாம், நிறமில்லாத வனிலா என்று கேட்டுப் பாட்டிலையும் பாருங்கள். இனிப்புக் கடை லட்டு, ஜிலேபி, பிறந்தநாள் கேக் கிரீம் இவற்றில் சாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாடு பெரும்பாலும் நல்லது, காய்கறியும் பருப்பும் அன்றே சமைத்தவை. பார்க்கவேண்டியது பாயசத்தில் போடும் திராட்சை. பொன்னிறத் திராட்சை கந்தகப் புகையிட்டது. கறுத்த திராட்சை பெரும்பாலும் வெறும் வெயிலில் உலர்ந்தது. அச்சாரில் கடுகு விதை இடித்துப் போட்டதா, பாட்டில் கடுகு விழுதா என்பதையும் கேளுங்கள்.

சென்தெனி_மருந்தாளர்
ரோஸ்ஹில் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரீயூனியனில் பாக்கெட் பொருளில் டார்ட்ரசீன் இருந்தால் 2010 ஜூலை முதல் எச்சரிக்கை வாசகம் கட்டாயம்: பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று பிரெஞ்சில் இருக்கும். டார்ட்ரசீனின் எண் இ102. இந்த விதி இ102, இ104, இ110, இ122, இ124, இ129 ஆகிய ஆறு சாயங்களுக்கும் பொருந்தும். ஆனால் டார்ட்ரசீன் அந்த 14 ஒவ்வாமைப் பொருள்களில் இல்லை. உணவகத்தின் அட்டவணையில் அதைத் தேடினால் கிடைக்காது. அட்டவணை சுத்தமாக இருக்கிறது என்று பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், சாயத்தைத் தனியாகக் கேட்கவேண்டும்.

கியூர்பிப்_பயணி
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. இரண்டு சந்தேகம். சல்ஃபைட் சோதிக்கும் காகிதப் பட்டை இணையத்தில் விற்கிறார்கள், வாங்கலாமா? அஜினோமோட்டோவையும் ஒதுக்கவேண்டுமா? மீன் ஃப்ரீ என்ற கிளறிய நூடுல்ஸ் சாப்பிட்டால் தலைவலி என்று சிலர் சொல்கிறார்கள்.

சென்தெனி_மருந்தாளர்
பட்டையை நம்பவேண்டாம். பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் இருந்தாலே இல்லாத சல்ஃபைட்டைக் காட்டிவிடும். அதைவிட மோசம், பொருளோடு பிணைந்துபோன சல்ஃபைட்டைக் காட்டாமலும் விடும். அது காட்டவில்லை என்று சாப்பிடுவதுதான் ஆபத்து.

அஜினோமோட்டோ விஷயத்தில் நேர்மையாகச் சொல்லவேண்டும். யாருக்கும் எது என்று தெரியாதபடி கொடுத்துச் செய்த சோதனைகளில் அந்த அறிகுறிகள் நிலையாகத் திரும்ப வரவில்லை. உணவில்லாமல் 3 கிராமோ அதற்கு மேலோ எடுத்த சிலருக்கு மட்டும் சற்று நேரத் தலைவலி, முகச் சிவப்பு, மரத்துப்போதல் வந்தன. ஒரு வேளைச் சாப்பாட்டில் சேர்வது வழக்கமாக அரை கிராமுக்கும் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று நாள் எல்லை வகுத்தது. ஒத்துக்கொள்ளவில்லை என்று உணர்கிறவரை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பயப்படவேண்டிய வரிசையில் சல்ஃபைட் முதலில், மற்றவை வெகு பின்னால். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயந்தால் முக்கியமானதைக் கேட்க மறந்துபோகும்.

அடுப்படி_போர்லூயி
தவிர்க்க நினைப்பவருக்கு: மீன் ஃப்ரீ வாணலியில் அப்போதே கிளறுவது, அஜினோமோட்டோவும் சோயா சாஸும் போடாமல் தரச் சொல்லலாம். வெறும் பூண்டு, உப்பு, வெங்காயத்தாள் போட்டுத் தருவார்கள். புலெத் (உருண்டை) சூப்பில் முடியாது, சாறு காலையில் கலந்தது, உருண்டைக்குள்ளும் சேர்ந்திருக்கும். ரீயூனியனில் புஷோன் என்ற ஆவியில் வேகவைத்த இறைச்சி உருண்டையும் அப்படியே. மாகி கட்டி, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், சோயா சாஸ் எல்லாவற்றிலும் அஜினோமோட்டோவில் உள்ள அதே குளுட்டமேட் உண்டு. அதனால் "அஜினோமோட்டோ இல்லை" என்ற பதில் பாதிப் பதில்தான். பிரெஞ்சில் சிலர் அஜினோமோட்டோவை வெத்சின் என்பார்கள். பிள்ளைக்கு வாங்கும்போது நூடுல்ஸ் பாக்கெட்டில் இ102 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிறம் முட்டையால் வந்ததாக இருக்கவேண்டியதில்லை.

மீன்வழி
தலைவலி, முகச் சிவப்பு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சூரை, மார்லின், தோராத் மீன்களைப் பிடித்தபிறகு குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியா ஹிஸ்டமைனை உண்டாக்கிவிடும். சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, தடிப்பு வரும். அச்சு அசலாக ஒவ்வாமை மாதிரியே இருக்கும், பழி சாஸின் மேலோ சாயத்தின் மேலோ போய்விடும். சமைத்தாலும் புகையிட்டாலும் உறைய வைத்தாலும் ஹிஸ்டமைன் அழியாது, மீனில் நாற்றமும் இருக்காது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றால் அந்த வாயோடு நிறுத்துங்கள். கடற்கரையில் வெயிலில் திறந்து வைத்த புகையிட்ட மார்லின் வேண்டவே வேண்டாம். ஒரே மேசையில் அதே மீனைத் தின்ற இரண்டு மூன்று பேருக்கும் வந்தால் சேர்க்கைப்பொருள் காரணம் இல்லை, மீன்தான்.

சென்பியேர்_வாசி
பயண ஏற்பாடு பற்றி:

விமானம் முக்கால் மணிதான், அதில் சாப்பிடாமலே போகலாம். நீண்ட பயணமாக இருந்தால்கூட விமானச் சிறப்பு உணவுக் குறியீடுகளில் சல்ஃபைட் இல்லாதது என்று ஒன்று கிடையாது. பழத்தட்டு கேட்டாலும் நறுக்கிய பழம் நிறம் மாறாமலிருக்க எதில் முக்கியது என்று தெரியாது. உரிக்காத வாழைப்பழம் போதும்.

மொரீஷியஸிலிருந்து ரீயூனியனுக்கு இறைச்சி, பால் பொருள், பச்சைப் பழம், காய்கறி எடுத்துவராதீர்கள். ஐரோப்பிய எல்லை விதி, சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். ரொட்டி, இறைச்சி சேராத பிஸ்கட் பிரச்சினை இல்லை. மருத்துவக் காரணத்துக்கான சிறப்பு உணவு என்றால் குளிர்சாதனம் தேவைப்படாததாக, திறக்காத கம்பெனிப் பாக்கெட்டாக 2 கிலோவரை அனுமதி உண்டு.

அடுப்பு உள்ள வீடாக எடுங்கள். சென்பியேர், சென்போல் சந்தைகளில் காய்கறி வாங்கி ஒரு வேளையாவது சமைத்தால் நாளின் மொத்த அளவு நன்றாகக் குறையும். வெளியே சாப்பிட்டால் கரி பூலே (கோழிக் கறி), சோறு, க்ரேன் (அவித்த பயறு வகை), அப்போது இடித்த தக்காளி ருகாய் (துவையல்), இந்த நான்கும் பெரும்பாலான இடத்தில் எளிதான பொருள்களே. க்ரேன் டின்னிலிருந்தா, ஊறவைத்ததா என்று மட்டும் கேளுங்கள். பனங்குருத்து சாலட்டை மலைப்பக்கத்தில் ஃப்ரெஷ்ஷாக நறுக்கித் தருவார்கள். எலுமிச்சை தடவித்தான் வெள்ளையாக வைத்திருப்பார்கள், அந்த எலுமிச்சை பழமா, பாட்டிலா என்பதுதான் கேள்வி.

சென்தெனி_மருந்தாளர்
மருந்து. சல்புட்டமால் இன்ஹேலர் இரண்டு, ஒன்று கைப்பையில், ஒன்று இன்னொருவரிடம். சூட்கேஸில் போடவேண்டாம். மருத்துவர் அட்ரினலின் பேனா எழுதிக்கொடுத்திருந்தால் ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுகிறேன்: சில அட்ரினலின் ஊசிகளில் மெட்டாபைசல்ஃபைட் சேர்ந்திருக்கும், பெட்டியிலும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து அவசரத்தில் போடாமல் விடக்கூடாது. உயிர் ஆபத்தில் அந்த ஊசியைப் போடுவதுதான் சரி, சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவருக்கும். ரீயூனியனில் 15 அல்லது 112, மொரீஷியஸில் ஆம்புலன்ஸுக்கு 114.

கியூர்பிப்_பயணி
எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக்கொண்டேன். பரிமாறுபவரிடம் காட்டப் பிரெஞ்சில் "ஜெ சுயி அலெர்ஜிக் ஓ சுல்ஃபித்" என்றால் சரியா? மருத்துவர் இது ஒவ்வாமை இல்லை, சகியாமை என்றார்.

சென்தெனி_மருந்தாளர்
மருத்துவர் சொன்னது சரி, ஆனால் அட்டையில் "அலெர்ஜிக்" என்றே இருக்கட்டும். "சகியாமை" என்றால் சமையலறையில் வயிற்று உப்புசம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதன் கீழே இரண்டாவது வரியாக "ஆஸ்த்ம்" என்று சேருங்கள். மூன்றாவது வரியில் பொருள்களின் பெயர்: க்ரெவெத் (இறால்), வேன் (ஒயின்), வினேக்ர் (வினிகர்), முத்தார்த் (கடுகு விழுது), ஜூ த சித்ரோன் ஆன் புத்தேய் (பாட்டில் எலுமிச்சைச் சாறு), ஃப்ருய் செக் (உலர்பழம்). பிள்ளைக்குத் தனி அட்டை, "தார்த்ராசீன், இ102" என்று. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதினால் யாருக்கு எது என்று உள்ளே குழம்பிவிடும்.

அடுப்படி_போர்லூயி
அட்டையைப் பரிமாறுபவரிடம் காட்டியதோடு விடாமல் உள்ளே அனுப்பச் சொல்லுங்கள். அடுப்பில் நிற்பவர் கண்ணெதிரே அது ஒட்டியிருக்கவேண்டும், சாப்பிட்டு முடித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள், எண்ணெய் பட்டு ஒன்றிரண்டு போய்விடும்.